அறுபது தடவை ஒட்டிய நட்சத்திரம்

“ஆண்டகளூர் கேட்டெல்லாம் எறங்கு! எறங்கு, எறங்கு! கூடையைப் பாத்து எடு தாயீ!”

உட்காருங்கண்ணா, நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க? கேட் ஸ்டாப் இன்னும் வரவேயில்லை. கண்டக்டர் பின்படியில் நின்று யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கத்தினது நான்தான். அந்தக் கூடைக்கார அம்மா எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து... பாவம்தான். ஆனால் சிரிப்பு வருதில்லையா? உங்களுக்கும் வருது, மீசை ஆடுது. அந்த ஃபேனை இப்படி என் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்க, மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் வருவீங்க.

எனக்கு எல்லாக் குரலும் வருங்கண்ணா. எங்க ஹெட்மாஸ்டர் குரலில் ஆபீஸ் ரூமுக்குப் போன் போட்டு, “மழை வருதுய்யா, புள்ளைங்களை அனுப்பி வுடு” என்று சொல்லி, மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஸ்கூலையே விட வைத்திருக்கிறேன். பியூன் குடையோடு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார் பாருங்க, அது ஒன்றுக்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம்.

ஆனால் இன்றைக்கு நான் விளையாட்டுக்குப் போகவில்லை. பழிவாங்கப் போகிறேன். பாதி வாங்கியாச்சு. மிச்சம் பாதி சேலத்தில், பதினொரு மணிக்கு.

யாரை என்று கேளுங்க. தவமணி அக்காவை. எங்கள் தெருதான். ரேஷன் கடையில் பில் போடுகிற அக்கா. ராசிபுரத்தில் யாரைக் கேட்டாலும் அந்தக் குரல் தெரியும்: “வெரலை வைங்க. எடுக்கலை. தொடைச்சுட்டு வைங்க. எடுக்கலை. ஏனுங்க, காலையில வெங்காயம் உரிச்சீங்களா? இடது கை வைங்க.” பகலெல்லாம் பருப்பும் பாமாயிலும். ராத்திரியானால் அதுக்கு வேறு உலகம். டெலஸ்கோப் வைத்திருக்கிறது. கட்டிக்கொண்டு தூக்குகிற தண்டிக்கு ஒரு குழாய், அடியில் கண்ணாடி. அதைத் தாங்க மோட்டார் வைத்த இரும்பு ஸ்டாண்டு. குழாய் அக்காவோடது. ஸ்டாண்டு சேலத்து வானியல் மன்றத்தோடது. உறுப்பினர் என்பதால் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் அந்தக் குழாயில் குடைதான் வைக்கலாம்.

கொல்லிமலையில் அக்காவின் மாமாவுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. காபிக்கொட்டை காயப்போடுகிற சிமென்ட் களத்தில், போன வருஷம் தை அமாவாசையை ஒட்டி நாலு ராத்திரி, நானும் அக்காவும் நெபுலாவைப் படம் பிடித்தோம். நெபுலா என்றால் பயந்துவிடாதீங்க, வானத்தில் தொங்குகிற புகை. நட்சத்திரம் பிறக்கிற புகை. வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் தெரியுமில்லையா, அதுக்குக் கிழக்கே ரோஜாப்பூ மாதிரி வட்டமாக ஒன்று கிடக்கிறது. கண்ணால் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி அஞ்சு நிமிஷம் திறந்து வைத்தால் லேசாகச் சிவப்பு ஊறும். அப்படி அறுபது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பூ மலரும்.

அந்த அஞ்சு நிமிஷமும் டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து நகர வேண்டும். அதற்கு ஸ்டாண்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். டெல்லிக்காரனுக்கு அது ஜம்மென்று உயரத்தில் நிற்கும். நமக்கு? கையை நீட்டி முஷ்டியைத் தரைமட்டத்தில் வைத்தால், முஷ்டிக்கு மேலே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். களத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். மாமா என்ன சொன்னார் தெரியுமா? “மரத்துல மொளகுக்கொடி ஏறியிருக்குது. உங்க நட்சத்திரத்துக்காக கெளையை வெட்டுனீங்க, நானு உங்க ரெண்டு பேரையும் வெட்டுவேன்.” சொல்லிவிட்டுப் போய்க் குறட்டை விட்டார். குறட்டையும் வரும் எனக்கு. வேண்டாமா? சரி.

ஆகவே குத்துமதிப்பாக நிறுத்தினோம். குத்துமதிப்பென்றால் வழுக்கும். வழுக்கினால் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிற குட்டி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிலுவைக் கோட்டின் நடுவில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது நழுவும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி இழுத்து வந்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் யார்? நான்.

நாலு ராத்திரிங்கண்ணா. அறுபது நல்ல படம் தேற நூற்றுப் பத்து எடுத்தோம். வலது கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அக்கா என்ன செய்தது? பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொன்னது. “பாருடா தம்பி, இன்னும் ரெண்டு நிமிசம். பாருடா தம்பி, இன்னும் ஒண்ணு.” சரி, நடுவில் டீ போட்டுக் கொடுத்தது. இருந்த ஒரே கம்பளியை என்மேல் போட்டுவிட்டு அது புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டது. அதெல்லாம் நான் கேட்டேனா?

மாசி மாதம் சேலத்தில் மன்றத்துக் கண்காட்சி. நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டது, பெண் பார்க்கப் போகிற மாதிரி. நடுச்சுவரில் எங்கள் பூ, இத்தனாம் பெரிசு, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே. கீழே ஒரு அட்டை. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தது: “ரோ... ஜா... நெபுலா. படம்... ப. தவமணி.” விரல் அட்டையின் ஓரம் வரைக்கும் போனது. அட்டையைத் தாண்டிச் சுவரிலும் கொஞ்ச தூரம் போனது.

“உம்பேரு எங்க சாமி?”

நான் பதில் சொல்வதற்குள் மைக் சத்தம். மன்றத்துச் செயலாளர் சுந்தரவரதன் சார். எதையும் ரெண்டு தடவை சொல்கிற மனுஷன். “தனியாளாவே எடுத்தீங்களாம்மா, தனியாளாவே?” அக்கா அவ்வளவு கூட்டத்தைப் பார்த்துப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டது. சிரித்தது. “எங்க தெருப் பையன் ஒருத்தன்... டார்ச் புடிச்சான் சார்.” சபையே சிரித்தது.

டார்ச்! அங்கே டார்ச்சே கிடையாதுங்கண்ணா. வெளிச்சம் பட்டால் படம் போச்சு. ஒரு பொய் சொல்கிறதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டாமா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் முழங்காலைத் தட்டியது. “டார்ச் புடிக்கறதும் ஒரு வேலைதான சாமி.” அந்த நிமிஷம் முடிவு செய்தேன். மல்லூர் பக்கத்தில்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். நடுநடுவே தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி, வட்ட வழங்கல் அலுவலர் குரலில் ரேஷன் கடைக்குப் போன் போடுவேன். “அம்மா, நான் இன்ஸ்பெக்சன் வர்றேன். அரிசி மூட்டையெல்லாம் வாசலுக்குக் கொண்டாந்து அடுக்கி வைங்க.” அக்கா அடுக்கும். நான் எதிர்க்கடையில் நின்று பஜ்ஜி தின்பேன். மூன்று தடவை அடுக்கியது. மூன்றாம் தடவை நானே போய் மூட்டையைத் திரும்ப உள்ளே வைக்க உதவி செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீங்க. சாயங்காலம் சும்மா இருந்தேன், செய்தேன்.

இந்தத் தை மாதம் மறுபடி அதே களம், அதே பூ. மூன்று ராத்திரி. மறுபடி என் கண், என் கழுத்து. ஆனால் இந்தத் தடவை மனசு குளுகுளுவென்று இருந்தது. ஏனென்றால் அக்காவின் லேப்டாப் கிழடு. கேமராவில் இருக்கிற படத்தை அடுக்குவதற்குத் தோதாக மாற்றுவதற்குள் அதுக்கு மூச்சு வாங்கும். “தம்பி, உங்கப்பா கடையில மாத்திக் குடுடா” என்று கேமரா கார்டை என் கையில் கொடுத்தது.

எங்க அப்பா கடை, அங்காளம்மன் டிஜிட்டல்ஸ். ஃப்ளெக்ஸ் பேனர். நான் ஏழாவது படிக்கும்போதிருந்து அங்கே மவுஸ் பிடிக்கிறேன். வழுக்கைத் தலையில் முடி நட்டிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலியில் கண்ணை மூடியிருந்தவருக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். மஞ்சள் நீராட்டுக்கு வராத தாய்மாமனை வந்த மாதிரி சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுவது பெரிய வேலையா?

படத்தின் இடது மூலையில் கிடந்த ஒரு சின்ன நட்சத்திரத்தை வெட்டினேன். பூவின் நடுவுக்குப் பக்கத்தில், காலி இடமாகப் பார்த்து ஒட்டினேன். ஒரு படத்தில் ஒட்டினால் போதாது. அறுபதிலும், ஒரே இடத்தில், ஒரு புள்ளி கூடப் பிசகாமல். அறுபது தடவைங்கண்ணா! ரெண்டு ராத்திரி. அந்தக் கம்ப்யூட்டரில் எதைச் சேமித்தாலும் கோப்புக்குள்ளே கடைப்பேர் தானாகப் பதிந்துகொள்ளும். பதியட்டும், யார் உள்ளே திறந்து பார்க்கப் போகிறார்கள். பென்டிரைவில் போட்டு, கார்டோடு சேர்த்து அக்காவிடம் கொடுத்தேன்.

மறுநாள் விடிய அக்கா ஓடி வந்தது. கையில் லேப்டாப். ஒரு காலில்தான் செருப்பு. “பாருடா தம்பி... பாருடா...” போன வருஷப் படம், இந்த வருஷப் படம், ரெண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியது. “இது அப்ப இல்லைடா. புதுசுடா. அன்னிக்குக் களத்துல நாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே வந்திருக்குதுடா.” நாம என்றது. நான் கேட்டுக்கொண்டேன், மறக்கவில்லை.

ஆனால் அக்கா லேசுப்பட்டது இல்லை. “இன்னொரு ராத்திரி எடுத்துப் பாத்துட்டுத்தான் வெளிய சொல்லோணும்” என்றது. அப்படிப் பார்த்தால் என் நட்சத்திரம் அம்பேல் ஆகிவிடுமே. நல்லவேளை, மூணு நாள் மேகம். நான் சிநேகிதன் போனை வாங்கி சுந்தரவரதன் சார் ஆனேன். “இது என் புது நம்பரம்மா, புது நம்பர். உங்க தெருப் பையன் சொன்னான், புது நட்சத்திரமாமே? காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா வேற எவனாச்சும் முந்திக்குவான், முந்திக்குவான்!” முடிஞ்சுது. அன்று சாயங்காலமே அக்கா மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டது. ரெண்டு நாளில் பேப்பரிலும் வந்தது.

பேப்பரை நான் கடையில் வைத்துத்தான் படித்தேன். “கண்டுபிடித்தவர்கள்: மு. குருபரன், ப. தவமணி.” குருபரன் நான்தான். என் பேர் முதலில்.

பேப்பரை மடித்து மவுஸுக்கு அடியில் வைத்தேன். மவுஸ் வழுக்கியது, அதுதான். அம்மா அதை வெட்டி, அப்பாவிடம் கொடுத்து லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விரல் வைத்துப் படித்துக் காட்டியது.

அப்பவே நிறுத்தியிருக்கலாமே என்றுதானே பார்க்கறீங்க? எப்படிங்கண்ணா நிறுத்துவது? நிஜப் பூவுக்கு என் பேர் இல்லை, பொய் நட்சத்திரத்துக்கு மட்டும் என் பேர் முதலில். இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அஞ்சாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் மன்றத்துக் குரூப்பில் குரல் பதிவு அனுப்பினார். “க்ஹும். மையத்துக்கு அருகில் இருக்கும் விண்மீனுக்கு, க்ஹும், மூலையில் இருப்பதன் வால் எப்படி முளைத்தது என்று அறிய விரும்புகிறேன்.” அந்த மாதிரிக் குழாயில் நடுவில் இருக்கிற நட்சத்திரம் கடுகு மாதிரி உருண்டையாக விழும். மூலையில் இருப்பது தலைப்பிரட்டை மாதிரி வாலோடு விழும். பேனரில் தலையை மாற்றும்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், நிழல் பார்ப்பேன். வாலைப் பார்க்கவில்லை. இத்தனூண்டு வால். அக்காவும் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் கண் தெரியவில்லை அதுக்கு.

அப்புறம் பாருங்க வேடிக்கையை. சுந்தரவரதன் சார்: “கேவலம்மா, கேவலம்! நானாம்மா போன் பண்ணேன், நானா?” ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு ஆள்: “இல்லாத நட்சத்திரத்தைக் காட்டுனவங்க, இல்லாத சக்கரையையும் பில்லுல காட்டுவீங்களாக்கும்?” வரிசையே சிரித்தது. அக்கா, “வெரலை வைங்க” என்றது. அவ்வளவுதான். நான் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன், பையோடு. எனக்குச் சிரிப்பு... வந்தது. வராமல் என்ன.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தது. பென்டிரைவை மேஜைமேல் வைத்தது. “கேமராவுல இருக்கற அசல் படத்துல அது இல்லைடா தம்பி. பாத்துட்டேன்” என்றது. நான் பேனர் ஓரத்தை வெட்டிக்கொண்டே, “அப்படியாக்கா?” என்றேன், பச்சைப்பிள்ளை குரலில். பென்டிரைவை என் பக்கம் தள்ளியது. அப்புறம் மெதுவாக, “இதுல ஒவ்வொண்ணுக்குள்ளயும் கடைப்பேரு இருக்குது. அழிச்சுடு. யாராச்சும் பாக்கறதுக்கு முன்னாடி அழிச்சுடு” என்றது.

பார்த்தீங்களா திமிரை? தன் படத்துக்குள்ளே எங்க கடைப்பேர் இருப்பது கூடப் பொறுக்கவில்லை! அழிக்கிற வேலைக்கும் நான்தான் ஆள்!

வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. “தம்பி, அந்த அட்டையில அன்னிக்கு நானு...” என்று என்னவோ ஆரம்பித்தது. அதற்குள் அப்பா வந்துவிட்டார். போய்விட்டது. அட்டையில் என்ன? சொல்லித் தொலைத்துவிட்டுப் போகலாமில்லையா?

மறுநாள் குரூப்பில் அக்காவின் கடிதம். எனக்கு மனப்பாடம். அக்கா குரலிலேயே சொல்கிறேன், கேளுங்க. “அந்த நட்சத்திரம் அசல் படங்களில் இல்லை. படம் என் கையில் இருந்தது, பொறுப்பு என்னுடையது மட்டும். குருபரனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மூன்று இரவும் அவன் என்னுடன் இல்லை. அவனைக் கேட்காமல் அவன் பெயரைச் சேர்த்ததற்கு அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

இல்லையாம்! நான் அங்கே இல்லவே இல்லையாம்! போன வருஷமாவது டார்ச் பிடித்தேன். இந்த வருஷம் ஆளே இல்லை! அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அம்மா நாற்காலி போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலே இருந்ததைக் கழற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியது.

ரெண்டு ராத்திரி தூங்கவில்லைங்கண்ணா. யோசித்துப் பாருங்க. பூ எடுத்தேன், அக்கா பேர். பொய் செய்தேன், அதுக்கும் அக்கா பேர். இப்படி ஒருத்தர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் மனுஷன் எதைத்தான் செய்வது? பழிவாங்கியது யாரென்றே தெரியாவிட்டால் அது என்ன பழி?

இன்றைக்குப் பதினொரு மணிக்கு மன்றத்தில் கூட்டம். அக்காவை நீக்கப் போகிறார்கள். ஸ்டாண்டைத் திருப்பி வாங்கப் போகிறார்கள். அக்கா காலையில் ஆறு மணிக்கே அதை ஆட்டோவில் ஏற்றியது, மாடியிலிருந்து பார்த்தேன். இருபது கிலோ இரும்பை ஒத்தை ஆளாக இறக்கி, ஒரு பழைய கம்பளியைச் சுற்றி, பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி சீட்டில் கிடத்தியது.

இது என்ன ரோல் என்று ஏறினதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தீங்களே. ஃப்ளெக்ஸ். எட்டடிக்கு நாலடி. ராத்திரி அப்பா தூங்கின பிறகு அடித்தேன். இடது பக்கம் அசல் படம், வலது பக்கம் ஒட்டின படம். எந்த மூலையில் வெட்டினேன், எங்கே ஒட்டினேன், வால் எங்கே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. மேலே, காதுகுத்து பேனருக்குப் போடுகிற மஞ்சள் எழுத்தில், “இல்லாத நட்சத்திரத்தை ஒட்டியவர்: மு. குருபரன்.” என் பேர் மட்டும் ஒரு அடி உயரம். அதுக்குக் கீழே, “செயலாளர் குரலில் பேசியவர்: மேற்படியார்.” மேடைக்கு முன்னால் விரித்துக் காட்டுவேன். அங்கேயே சுந்தரவரதன் சார் மாதிரி பேசியும் காட்டுவேன். எல்லாரும் பார்க்கட்டும், அக்காவும் பார்க்கட்டும். அப்போது அந்த முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.

கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது. அது ஒன்றுமில்லை, அடியில் இடம் மிச்சம் இருந்தது. “சென்ற ஆண்டு ரோஜா நெபுலா படம்: ப. தவமணி, மு. குருபரன்.” அக்கா பேரை முன்னால் போட்டால்தான் வரி சமமாக வந்தது.

என்னது? காப்பாற்றப் போகிறேனா? இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் வந்துவிட்டு, திறந்ததும் இப்படி ஒரு பேச்சா? முதலிலிருந்து என்னத்தைக் கேட்டீங்க நீங்க? என்னை இனிமேல் மன்றத்து வாசல்படி மிதிக்க விட மாட்டார்கள். அப்பா தோலை உரித்துக் கடை வாசலில் பேனராகக் கட்டுவார். அக்கா என் முகத்தில் முழிக்காது. கொல்லிமலைக் களமும் போச்சு. இதெல்லாம் தெரிந்தே போகிறேனென்றால், எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ளுங்க.

சீலநாயக்கன்பட்டி தாண்டியாச்சு. எழுந்திரிங்கண்ணா, கூட்டம் முட்டும். ஃபேனை நான் ஒரு கையில் பிடித்துக்கொள்கிறேன், நீங்க இந்த ரோலை அந்த முனையில் பிடிச்சுக்கிட்டு முன்னால் நடங்க. மடங்கினால் கோடு விழுந்துடும். மெதுவா, மெதுவா. என் பேரு உங்க பக்கம்தான் இருக்குது.